தரச்சான்று பெற்ற அம்மா

ராயல் டுகாங் குளோபல் ஸ்கூலில் குழந்தைகளைத் திரையின் பிடியிலிருந்து மீட்கும் விழா, இருபதடி அகலத் திரை ஒன்றின் முன்னால் நடைபெற்றது.

உச்சிப்புளி தாண்டி ராமேஸ்வரம் போகும் சாலையோரத்தில் இருக்கிறது அந்தப் பள்ளி. டுகாங் என்றால் கடல்பசு. டால்ஃபின், முத்து, பவளம் என்று கடலில் கௌரவமாக இருந்த பெயர்களையெல்லாம் மற்றவர்கள் தங்கள் பள்ளிகளுக்கு வைத்துவிட்டதால், தாளாளர் டாக்டர் குருநாதனுக்குக் கடல்பசுதான் மிஞ்சியது. மீனவர்கள் அந்தப் பிராணியை ஆவுளியா என்பார்கள். பள்ளியை ‘ஆவுளியா ஸ்கூல்’ என்று அழைக்கும் பெற்றோரின் பிள்ளைகள் காலை வணக்கத்தின்போது தனியாக நிறுத்தப்படுவார்கள் என்று ஒரு சுற்றறிக்கை உண்டு. குருநாதனின் டாக்டர் பட்டம் கூரியரில் வந்தது. எந்த நாட்டுப் பல்கலைக்கழகம் அனுப்பியது என்று அவருக்கும் உறுதியாகத் தெரியாது.

நாகேந்திரன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். ஐஸ் வண்டி ஓட்டுபவன். புதுமடம் கரையில் ஐஸ் இறக்கிவிட்டு நேரே வந்திருந்தான். வாசலில் காவலாளி அவனைக் கையைத் தூக்கச் சொல்லி, இரண்டு பக்கமும் ரூம் ஸ்பிரே அடித்துத்தான் உள்ளே விட்டார். மல்லிகையும் மீனும் சேர்ந்த ஒரு நாற்றத்தில் அவனுக்கே தலை சுற்றியது. மனைவி சத்யப்பிரியா மஸ்கட்டில் நர்ஸ். மகள் மதிவதனி இங்கே எல்.கே.ஜி.

குருநாதன் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"பெற்றோர்களே! திரை என்பது நஞ்சு. என் முகம் தெரியாமல் பின்வரிசையில் இருப்பவர்கள் தயவுசெய்து திரையைப் பாருங்கள்."

எல்லோரும் பார்த்தார்கள். திரையில் அவருடைய முகம் ஒரு மாட்டுவண்டி அகலத்துக்குத் தெரிந்தது. மேலுதட்டு வியர்வைத் துளி ஒவ்வொன்றும் தேங்காய் அளவு இருந்தது.

பிறகு ‘குட்டிச்செவி’ அறிமுகமானது. கைக்கடக்கமான மஞ்சள் பெட்டி. திரை கிடையாது. அதன் தலையில் பிஸ்கட் போன்ற ஒரு வில்லையை வைத்தால் கதை சொல்லும், பாட்டுப் பாடும். பெட்டியைப் பள்ளியில்தான் வாங்க வேண்டும். வில்லைகளையும் பள்ளிதான் தரும். கூடவே வெள்ளையாக ஒரு வெற்று வில்லை. அதில் அம்மாவோ அப்பாவோ தங்கள் குரலில் ஒரு கதையைப் பதிந்து தரலாம். பள்ளி அங்கீகரித்த பின் குழந்தை கேட்கலாம்.

"இன்றுமுதல் நம் குளந்தைகளின் கண்ணில் எந்தத் திரையின் ஒளியும் படாது" என்று குருநாதன் உறுதிமொழி வாசித்தார். பெற்றோர்கள் வலது கையை நீட்டிச் சொன்னார்கள். இடது கையில் போனைப் பிடித்துத் தாங்கள் சொல்வதைப் படம் எடுத்தார்கள். பள்ளியின் செயலியில் அந்த வீடியோவை ஏற்றினால்தான் உறுதிமொழி செல்லும்.

நாகேந்திரன் எழுந்தான். ஒலி ஒருங்கிணைப்பாளர் பானுப்பிரியா மிஸ் மைக்கைக் கொண்டுவந்து, அவன் வாயிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தாள்.

"சார், எங்க வீட்டுக்காரி மஸ்கட்ல இருக்கு. சாயங்காலம் வீடியோ கால்லதான் பிள்ளையப் பாக்கும். அதுவும் கூடாதுங்களா?"

"இவர் என்ன தொளில்?" என்று குருநாதன் பானுப்பிரியாவிடம் கேட்டார்.

"ஐஸ் வண்டி ஓட்டுறார் சார்."

"பாருங்கள்! ஐஸ் வண்டி ஓட்டுபவரும் கேள்வி கேட்கலாம் என்ற சூளலை நம் பள்ளி உருவாக்கியிருக்கிறது. எனக்கு ஒருமுறை கைதட்டுங்கள்." தட்டினார்கள். "பதில் சொல்கிறேன். கருவறையில் இருந்தபோது குளந்தை அம்மாவைப் பார்த்ததா? இல்லை. கேட்டது! ஆகவே அம்மா என்பது ஓர் ஒலி. உருவம் என்பது பிற்பாடு வந்த கெட்ட பளக்கம். உங்கள் மனைவி அந்த வெள்ளை வில்லையில் இருக்கட்டும். குளந்தைக்கு அது போதும்."

நாகேந்திரன் உட்கார்ந்தான். இருமல் வந்தது. ரூம் ஸ்பிரேயாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

*

அவன் அப்போதே பிள்ளையைப் பள்ளியை விட்டு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்தப் பள்ளியில் இடம் கிடைத்த அன்று மஸ்கட்டில் சத்யா சக நர்சுகளுக்கெல்லாம் பாயசம் கொடுத்திருந்தாள்.

"பெரிய ஸ்கூலுன்னா நாலு கண்டிசன் இருக்கத்தாங்க செய்யும்" என்றாள். "நான் கத சொல்லி அனுப்புறேன். நெதமும் எங்குரலக் கேட்டுத் தூங்குவால்ல?"

டூட்டி இடைவேளையில் துணி அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பதிவு செய்து அனுப்பினாள். வீடியோவில் மகளுக்கு அவள் வழக்கமாகச் சொல்லும் கதைதான். ஒரு நண்டு ராமநாதபுரத்துக்குச் செருப்பு வாங்கப் போகிறது. ஒரே அளவில் பத்துச் செருப்பு எந்தக் கடையிலும் இல்லை. பக்கவாட்டில் நடந்து நடந்து கடைகடையாக ஏறி இறங்குகிறது. கடைசியில், ‘மணல்ல நடக்குறதுக்கு எதுக்குச் செருப்பு?’ என்று வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்கிறது. முடிவில் சத்யாவின் குரல் தணிந்து, "மதி, கண்ண மூடு. அம்மா இங்கனதான் இருக்கேன்" என்று முடியும்.

நாகேந்திரன் அதைச் செயலியில் ஏற்றினான். சில நாள் கழித்துப் பள்ளியிலிருந்து போன் வந்தது. பானுப்பிரியா ஒலித்தர ஆய்வுக் குழுவின் முடிவை வாசித்தாள். குழுவில் தாளாளர், தாளாளரின் துணைவியார், முன்பு கல்யாண வீடுகளுக்கு மைக்செட் கட்டிக்கொண்டிருந்த தாளாளரின் மைத்துனர் ஆகிய மூவர் இருந்தார்கள்.

"நண்டு பக்கவாட்டில் நடக்குது. அது ஒழுங்கீனத்தை ஊக்குவிக்கும்னு குழு நினைக்குது."

"நண்டு அப்படித்தானங்க நடக்கும்?"

"கடல்ல நடக்கலாம். எங்க பெட்டிக்குள்ள நேராத்தான் நடக்கணும். அடுத்து, செருப்பு வேண்டாம்னு முடிவெடுக்குது. நம்ம பள்ளியில ஷூ கட்டாயம். பின்னணியில ஏதோ பீப் சத்தம் கேக்குது."

"ஆஸ்பத்திரிங்க அது."

"நோயை நினைவூட்டுது. அப்புறம் கடைசி வரி. ‘அம்மா இங்கனதான் இருக்கேன்’. ‘இங்கன’ கொச்சை. அதைவிட, அம்மா இங்க இல்லை. மஸ்கட்ல இருக்காங்க. குழந்தைக்குத் தவறான தகவல் தரக் கூடாது."

வாசித்து முடித்தபின் பானுப்பிரியா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்குப் பிடிச்சிருந்துச்சு சார். நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க."

*

திருத்திய பதிவு அனுப்புமுன் பெற்றோர்கள் ஒலித்தூய்மை முகாமில் கலந்துகொள்ள வேண்டும் என்றார்கள். நாகேந்திரனுக்குப் பக்கத்தில் அவன் தெருக்காரி நஸீஹா நின்றாள். அவள் கணவர் முஹைதீனுக்கு வெளிநாட்டில், தம்மாமில் வேலை. மகன் அஃப்ரித் மதியின் வகுப்பு. முஹைதீன் அனுப்பிய பதிவும் திரும்பி வந்திருந்தது. தொடக்கத்தில் சலாம் சொன்னபோது மூச்சு வாங்கினாராம்.

குருநாதன் மேடையில் நின்றார். கழுத்தில் யாரோ போட்ட பொன்னாடை, வியர்வையில் பின்கழுத்தோடு ஒட்டியிருந்தது.

"உங்கள் நாக்கில் உப்பு இருக்கிறது. மீன் இருக்கிறது. டீசல் இருக்கிறது. அதைக் களுவாமல் அப்படியே குளந்தையின் காதுக்குள் விடுகிறீர்கள். எனக்கு அருவருப்பாக இருக்கிறது. முதலில் தமிளின் தனிச்சிறப்பான எளுத்தைப் பளகுவோம். எல்லாரும் சொல்லுங்கள், வாளைப்பளம்!"

"வாளைப்பளம்" என்றது அரங்கம்.

முன்வரிசையில் இருந்த தனுஷ்கோடி என்ற படகுக்காரர் மட்டும் பழக்கதோஷத்தில் "வாழைப்பழம்" என்றுவிட்டார். குருநாதன் அவரை எழுப்பினார்.

"காது கேட்கவில்லையா? நான் சொல்வதுபோலச் சொல்லுங்கள்."

தனுஷ்கோடி திரும்பவும் சரியாகவே சொன்னார். எத்தனை முறை சொன்னாலும் சரியாகவே வந்தது. கடைசியில் அவரைத் தனி அறைக்கு அனுப்பினார்கள். வெளியே வரும்போது ‘வாளைப்பளம்’ என்று தெளிவாகச் சொல்லக் கற்றிருந்தார். சான்றிதழும் கொடுத்தார்கள்.

"அண்ணே" என்று நஸீஹா மெதுவாகச் சொன்னாள், "எனக்குச் சிரிக்கவும் முடியல, வாந்தியும் வர மாட்டேங்குது."

*

வீட்டில் நிலைமை வேறுவிதமாகப் போய்க்கொண்டிருந்தது. மதி தினமும் குட்டிச்செவியைக் கேட்க வேண்டும். கேட்கிறாள் என்பதற்குத் தினமும் வீடியோ எடுத்து ஏற்ற வேண்டும். திரையில்லாமல் குழந்தை மகிழ்ச்சியாக இருப்பது வீடியோவில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் செயலியில் சிவப்புக் கடல்பசு வரும். தெரிந்தால் பச்சை.

மதி விரைவில் பழகிக்கொண்டாள். பெட்டியை மடியில் வைத்து, கன்னத்தில் கை கொடுத்து, தலையைச் சாய்த்துச் சிரிப்பாள். "எடுத்தாச்சாப்பா?" என்று கேட்பாள். எடுத்தாயிற்று என்றதும் பெட்டியை அணைத்துத் தூர வைத்துவிடுவாள். கேட்கவும் அதில் ஒன்றுமில்லை. பள்ளி கொடுத்த வில்லைகளில் பெரும்பாலானவை ‘நான் நடந்து வந்த பாதை’ என்ற தாளாளரின் வாழ்க்கை வரலாறு. பாதி சாப்பாட்டில் மதி திடீரென்று, "ஆகவே மாணவச் செல்வங்களே" என்றாள் ஒருநாள். நாகேந்திரனுக்குக் கையில் இருந்த சோற்றுருண்டையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

காலையில் வகுப்பு தொடங்கும்போது, "நேத்து யார் வீட்ல யார் திரை பாத்தா?" என்று கேட்பார்கள். நாலு வயதுக் குழந்தைகள் கை தூக்கி அம்மா அப்பாவைக் காட்டிக்கொடுப்பார்கள். காட்டிக்கொடுத்தால் ஒரு நட்சத்திரம். மதி நிறைய நட்சத்திரங்கள் வாங்கினாள். அதனால் நாகேந்திரன் வீட்டுக்கு வெளியே போய், வண்டிக்குள் உட்கார்ந்துதான் சத்யாவோடு வீடியோவில் பேசினான்.

"பிள்ளையத் தூரத்துல இருந்தாவது காட்டுங்களேன்" என்பாள்.

ஜன்னல் வழியாகக் காட்டுவான். மதியின் முதுகு தெரியும்.

"மெலிஞ்சிருக்காளா?"

"இல்ல இல்ல."

திருத்தம்மேல் திருத்தமாக வந்தது. மூன்றாவது சுற்றில் குழுவே கதையை எழுதி அனுப்பியது. அதில் நண்டு நேராக நடந்தது. பத்துக் கால்களுக்கும் பாலிஷ் போட்ட ஷூ அணிந்தது. பள்ளிக் கட்டணத்தைத் தவணை சொல்லாமல் கட்டியது. சத்யா அதையும் வாசித்து அனுப்பினாள். வாசிக்கும்போது இடையில் ஓரிடத்தில் குரல் கம்மியது. அதற்காகத் திருப்பி அனுப்பினார்கள்.

அதன் பிறகு பொது அறிவிப்பு வந்தது. பெற்றோர் குரல்கள் எவ்வளவு திருத்தியும் தரத்தை எட்டாததால், எல்லா அம்மாக்களுக்கும் பதிலாகத் தாளாளரின் துணைவியாரே பேசுவார். இதன் பெயர் ‘தரச்சான்று பெற்ற அன்னைக் குரல்’. வெளிநாட்டில் இருக்கும் தந்தையர்க்குப் பதிலாகத் தாளாளரே தம் பணிகளுக்கிடையில் பேச முன்வந்திருக்கிறார்.

நஸீஹா அந்த அறிவிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நின்று கத்தினாள்.

"எம் மாப்புள தம்மாம்ல நல்லபடியா உசுரோட இருக்காகண்ணே! அவுகளுக்குப் பதிலா இந்தாளு எங்க வீட்டுக்குள்ள வந்து, எம் பிள்ள தலமாட்டுல ‘மகனே’ங்குறதா? யா அல்லாஹ்! அந்தக் கொரலு இருக்குற ரூம்புல நான் எப்புடிண்ணே துணி மாத்துவேன்?"

அன்றே அந்த வெள்ளை வில்லையை மீன் கழிவோடு சேர்த்துப் பாலித்தீன் பையில் முடிந்து எறிந்தாள். மறுநாள் அஃப்ரித் பள்ளிக்குப் போகவில்லை. பிறகு போகவே இல்லை.

நாகேந்திரனும் நிறுத்திவிடத்தான் நினைத்தான். ஆனால் அதற்குள், ஆண்டு விழாவில் மதிவதனியை மேடையேற்றப் போகிறோம் என்று பள்ளியிலிருந்து சொல்லிவிட்டார்கள். சத்யா மகிழ்ந்துபோனாள். விழாவை யூடியூபில் நேரலையாகக் காட்டுவார்கள். பிள்ளையின் முகத்தைப் பார்க்கலாம்.

*

விழாவன்று மாலை அந்த இருபதடித் திரையை மறுபடியும் கட்டியிருந்தார்கள். நாகேந்திரன் குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தான். இருந்தும் ஸ்பிரே அடித்தார்கள்.

குருநாதன் மதியைக் கையைப் பிடித்து மேடைக்கு நடுவே கொண்டுவந்தார்.

"இந்தப் பச்சிளம் குளந்தைக்குத் தாய் இல்லை" என்றார்.

கூட்டத்தில் உச்சுக்கொட்டும் சத்தம் எழுந்தது. அது அடங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, "அருகில் இல்லை" என்று முடித்தார். "பொருள் தேடிப் போய்விட்டார். ஆனால் ராயல் டுகாங் கைவிடவில்லை. இதோ, அவளுக்கு ஒரு தாயை நாங்கள் வளங்குகிறோம்."

பானுப்பிரியா வெள்ளை வில்லையைப் பெட்டியின் மேல் வைத்தாள். இரண்டாவது முறைதான் அது சரியாக உட்கார்ந்தது. அரங்கம் முழுக்கக் குரல் எழுந்தது. "அன்புக் குளந்தையே, உன் அன்னை பேசுகிறேன். நான் நலம். நீ கட்டுப்பாடாக இரு. ஆசிரியர் சொல் கேள். முன்னொரு காலத்தில் நேராக நடக்கும் ஒரு நண்டு இருந்தது."

மதி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். கன்னத்தில் கை கொடுத்தாள். தலையைச் சாய்த்து, கேமரா இருக்கும் திசையை அவளே கண்டுபிடித்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு திரையில் இருபதடிக்கு விரிந்தது. முன்வரிசையில் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

நாகேந்திரனின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. சத்யாவிடமிருந்து குறுஞ்செய்தி.

‘யாருங்க அது பேசுறது?’

அவன் பதில் அடிப்பதற்குள் அடுத்தது வந்தது.

‘எம் பிள்ளைக்கு அம்மான்னு பேசுறது யாரு?’

அவன் எழுந்து நடந்தான். காவலாளி தடுக்க வந்து, ஏனோ விலகிக்கொண்டார். மேடையேறி மதியைத் தூக்கினான்.

"சார், இது எம் பொண்டாட்டி கொரல் இல்ல."

குருநாதன் மைக்கை அணைக்கவில்லை. இதையும் ஒரு வாய்ப்பாகவே எடுத்துக்கொண்டார்.

"தரம் என்று வரும்போது தனிநபர் முக்கியமில்லை ஐயா. உங்கள் மனைவியின் குரல் இன்று இருக்கும், நாளை சளி பிடிக்கும். என் துணைவியாரின் குரலுக்கு ஆண்டு முளுவதும் உத்தரவாதம் உண்டு. குளந்தை சிரித்ததைப் பார்த்தீர்கள் அல்லவா? வித்தியாசம் அவளுக்கே தெரியவில்லை. அதுதான் எங்கள் வெற்றி!"

மைத்துனர் ஒரு பொத்தானை அழுத்தினார். பதிவு செய்து வைத்திருந்த கைதட்டல் ஒலிபெருக்கிகளில் எழுந்தது. அதைக் கேட்டு உண்மையான ஆட்களும் தட்டத் தொடங்கினார்கள். நாகேந்திரன் படியிறங்கி, சுவரோரமாகப் போய், வாந்தியெடுத்தான். மதி அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

*

மறுநாள் மாற்றுச் சான்றிதழ் கேட்டுப் போனான். வெளியேறும் காரணத்தைச் செயலியில் இருக்கும் மூன்றில் ஒன்றாகத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றார்கள். ‘பெற்றோர் இடமாற்றம்’, ‘வெளிநாட்டுக் கல்வி’, ‘திரை அடிமை’. முதல் இரண்டுக்கும் ஆதாரம் வேண்டும். மூன்றாவதற்கு வேண்டாம். அவன் மூன்றாவதைத் தொட்டான்.

கொடுத்த சான்றிதழை எடுத்துக்கொண்டு தெருமுனை அங்கன்வாடிக்குப் போனான். பணியாளர் மீனம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"திரை அடிமையா? யாரு, இந்தச் சுண்டக்காயா?" மதியை மேலும் கீழும் பார்த்தார். "நானுந்தான் சீரியல் பாக்குறேன். இங்கன டி.சி. எல்லாம் கேக்குறதில்ல தம்பி. இத மடிச்சு வச்சுக்கங்க. பிள்ளைக்கி முட்ட பிடிக்குமா?"

பிடிக்கும் என்றான்.

அன்று சாயங்காலம், பல மாதங்களுக்குப் பிறகு, மதியை மடியில் உட்காரவைத்து வீடியோவில் சத்யாவை அழைத்தான். சத்யா தலைக்குப் பூ வைத்து, பொட்டு வைத்து, புதுச் சேலை கட்டித் தயாராக இருந்தாள்.

அவள் முகம் வந்ததும் மதி கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"மதி, அம்மாடி, கண்ணத் தொற. அம்மாவப் பாரு."

"பாக்கக் கூடாது."

"அந்த ஸ்கூலுக்கு இனிமே போக மாட்டம்டா" என்றான் நாகேந்திரன். "இப்பப் பாக்கலாம்."

"தப்புப்பா" என்றாள் மதி. இமைகள் துடித்தன. அவ்வளவு பலமாக மூடியிருந்தாள்.

சத்யா அழவில்லை. ஆஸ்பத்திரியில் எத்தனையோ பார்த்தவள். "சரி, தொறக்க வேணாம். அப்படியே இரு" என்று சொல்லிவிட்டு, கதை சொல்ல ஆரம்பித்தாள். நண்டு பக்கவாட்டில் நடந்தது. மதி மூடிய கண்ணோடு, "நேரா நடக்கணும்மா" என்று திருத்தினாள். சத்யா திருத்தத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. அன்றும் மறுநாளும் அதற்கடுத்த நாள்களிலும் நண்டு பக்கவாட்டிலேயே நடந்தது. மதி கண்ணைத் திறக்காமலே கேட்டாள். பேச்சு முடிந்து அழைப்பைத் துண்டித்துவிட்டேன் என்று அப்பா சொன்ன பிறகுதான் திறப்பாள். நாகேந்திரன் பள்ளியை நினைத்து, வாய்விட்டுச் சொல்லக் கூசும் வசைகளை மனசுக்குள்ளேயே சொல்லிக்கொள்வான்.

ஒரு சாயங்காலம் சத்யா காதில் செருகிப் பேசும் ஹெட்செட்டில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. படம் இருந்தது. சத்தம் நின்றுபோனது. நண்டு அப்போது மூன்றாவது கடையின் படியில் ஏறிக்கொண்டிருந்தது.

மதி சற்று நேரம் காத்திருந்தாள்.

"அம்மா?"

பதில் இல்லை.

"அம்மா, ஏறிருச்சா?"

நாகேந்திரன் வாயைத் திறக்கவில்லை. மதி இன்னும் கொஞ்சம் பொறுத்தாள். பிறகு ஒரு கண்ணை மெல்லத் திறந்தாள். அடுத்ததையும் திறந்தாள்.

திரையில் சத்யா குனிந்து ஹெட்செட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவள், மகள் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். கையில் எடுத்ததை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டாள். பேச முயலவில்லை.

"அம்மா பூ வச்சிருக்குப்பா" என்றாள் மதி.